மாற்று அட்டைப் படக்கதைகள்: விலை நிலைக்குமா?

பழைய நாணயங்களையும் தபால் தலைகளையும் சேர்த்து வைக்கும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. தாத்தா காலத்துத் தபால் தலை ஆல்பம் ஒன்று இன்றும் பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் உறங்கிக்கொண்டிருக்கக் காணலாம். ஆனால் தில்லி, மும்பை, பெங்களூர், ஹைதராபாத் முதலிய பெருநகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் இளைஞரிடையே இந்நாளில் வேறொரு சேகரிப்பு மெல்ல வேரூன்றி வருகிறது. அமெரிக்காவில் அச்சாகும் படக்கதைப் புத்தகங்களில் ‘மாற்று அட்டை’ப் பிரதிகளை மட்டும் தேடிப் பிடித்துச் சேர்ப்பதே அது. 2011-ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கிய ‘காமிக் கான்’ என்னும் படக்கதைத் திருவிழா பிற நகரங்களுக்கும் பரவியதும், கடல் கடந்த கடைகளில் வீட்டிலிருந்தபடியே பொருள் வாங்கும் வசதி பெருகியதும் இவ்வார்வத்துக்கு நெய் வார்த்தன.

படிப்பதற்கென்று ஒரு பிள்ளை புத்தகம் வாங்கினால் அதைத் தடுக்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. இங்கே நிகழ்வதோ வேறு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புத்தகத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கப்படுகிறது. வந்து சேர்ந்த புத்தகம் பிரிக்கப்படுவதில்லை. கண்ணாடித்தாள் உறையோடு பெட்டிக்குள் போய்விடுகிறது. கேட்டால், “இது செலவன்று, முதலீடு, பத்து ஆண்டில் பன்மடங்காகும்” என்பது விடை. தந்தையார் அதை மறுக்கவும் அறியார், ஏற்கவும் துணியார். வாடகையும், பள்ளிக் கட்டணமும், ஆண்டுக்கொரு முறை ஊர் சென்று வரும் செலவும் போக மிஞ்சுவது ஒரு சிறு தொகை. அத்தொகையை இவ்வழியில் விடலாமா என்பது பல இல்லங்களில் எழுந்துள்ள கேள்வி. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்று அட்டை என்பது யாது?

ஒரே இதழ், ஒரே கதை, ஒரே உட்பக்கங்கள். அட்டைப்படம் மட்டும் வேறு. இதுவே மாற்று அட்டைப் பிரதி. சேகரிப்போர் இதனை ‘வேரியன்ட்’ என்பர். அட்டையில் அச்சிட்ட விலை மாறியிருப்பினும், விற்பனை வழியைக் குறிக்கும் அடையாளம் மாறியிருப்பினும் அதுவும் இவ்வகையிலேயே சேரும்.

1986-ஆம் ஆண்டு டி.சி. கம்பெனியார் ஜான் பைர்ன் என்னும் ஓவியரைக் கொண்டு சூப்பர்மேன் கதையைப் புதிதாகத் தொடங்கினர். ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ என்னும் அவ்வரிசையின் முதல் இதழை இரு வேறு அட்டைகளுடன் வெளியிட்டனர். சேகரிப்போருக்கென்று திட்டமிட்டுச் செய்யப்பட்ட மாற்று அட்டைகளுக்குத் தொடக்கமாக இதனையே பலரும் சுட்டுவர். அன்று இரண்டாக இருந்தது, 2015-இல் மார்வெல் கம்பெனியார் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழை வெளியிட்டபோது அறுபதுக்கும் மேற்பட்ட அட்டைகளாகப் பெருகியது. ஒரே கதையை அறுபது முறை வாங்குவதற்கும் உலகில் ஆள் உண்டு என்பதை அக்கம்பெனியார் நன்கு அறிந்திருந்தனர்.

பத்து சென்ட் புத்தகமும் பல லட்சம் டாலரும்

இம்முதலீட்டு நம்பிக்கைக்கு மூலம் எது என்று தேடினால் 1938-ஆம் ஆண்டில் வந்து நிற்போம். அவ்வாண்டு வெளியான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில்தான் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றினான். விலை பத்து சென்ட். அவ்விதழின் பிரதி ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அடுத்த ஆண்டான 1939-இல் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழின் பிரதி ஒன்று, 2025 நவம்பரில் 91 லட்சத்து 20 ஆயிரம் டாலர் பெற்றது. தாயார் மறைந்த பின்னர் அவர் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்த பிள்ளைகள், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் இருந்த பெட்டியில் கண்டெடுத்த புத்தகம் அது. இத்தகைய செய்திகளைப் படிக்கும் எவர் மனமும் தன் வீட்டுப் பரணை ஒரு முறை எண்ணிப் பார்க்கவே செய்யும்.

ஆயினும் இவ்விலை ஏன் வந்தது என்பதை ஊன்றி நோக்க வேண்டும். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் அச்சானது ஏறத்தாழ 2 லட்சம் பிரதிகள். இன்று எஞ்சியிருப்பவை நூறு அளவிலேயே இருக்கும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. மற்றவை எங்கே போயின? பிள்ளைகள் படித்துக் கிழித்தனர். நண்பருக்குக் கொடுத்து இழந்தனர். தாய்மார் குப்பையென்று எறிந்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசாங்கம் காகிதம் திரட்டியபோது மூட்டை மூட்டையாகக் கூழாலைக்குச் சென்றன. போருக்குப் பின் 1940-களின் இறுதியில், படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் எழுந்து, சில ஊர்களில் அவற்றைக் குவித்துத் தீயிட்டனர்.

ஆக, அப்புத்தகம் அரிதானதற்குக் காரணம் அதனை அச்சிட்டவர் அல்லர். அது ஒரு நாள் அரிய பொருளாகும் என்று எவரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் எல்லோருமே காப்பாற்றி வைத்திருப்பர். எல்லோரும் காப்பாற்றியிருந்தால் அது அரிதாகியிராது. அத்துடன், அதன் நாயகனை உலகமே அறிந்தது. அருமையும் ஆவலும் ஒருங்கே கூடியமையால் விலை வந்தது. இவ்வுண்மையைக் கைவிளக்காகக் கொண்டால் பின்னர் நிகழ்ந்தவை யாவும் தெளிவாகும்.

எண்பது லட்சம் ‘அரிய’ பிரதிகள்

1980-களில் பழைய படக்கதைகளின் விலையேற்றம் நாளிதழ்களில் செய்தியாக வரத் தொடங்கிற்று. உடனே புதிய புத்தகங்களையும் ஐந்தைந்தாகவும் பத்துப் பத்தாகவும் வாங்கிப் பூட்டி வைக்கும் கூட்டம் ஒன்று தோன்றியது. கம்பெனியார் அக்கூட்டத்துக்கு ஏற்பப் பொருள் செய்யலாயினர். வெள்ளி மை பூசிய அட்டை, பளபளக்கும் அட்டை, பையிலிட்டு மூடிய இதழ், பைக்குள் பரிசுச் சீட்டு என்று ஒவ்வொரு மாதமும் ஒரு புதுமை. 1990-இல் டாட் மக்ஃபார்லேன் வரைந்த ‘ஸ்பைடர்-மேன்’ முதல் இதழ் பல அட்டைகளில் வந்து இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. 1991-இல் ஜிம் லீ வரைந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஐந்து அட்டைகளில் வெளியாகி, 80 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் கடைகளுக்குச் சென்றன. 1992-இல் சூப்பர்மேன் மாண்டதாகச் சொன்ன இதழ், துக்கம் காக்கும் கறுப்புக் கைப்பட்டையோடு கறுப்புப் பையில் வந்தது. வாங்கியவர் பலர் பையைப் பிரிக்கவேயில்லை. அவன் எப்படி மாண்டான் என்று படித்தறிய இன்னொரு பிரதி வாங்கினர்!

முடிவு என்னவாயிற்று? 80 லட்சம் பிரதிகள் உள்ள புத்தகத்தை, அதைவிட மிகக் குறைந்த தொகையினரான வாசகருள் யார் யாருக்கு விற்பது? வாங்கியவர் அனைவரும் பத்திரமாக வைத்திருந்தனர். அதனால் கிழிந்தும் தொலைந்தும் குறைவதற்கு வழியில்லை. விற்க வந்தபோது விற்பவரே நிறைந்திருந்தனர், வாங்குபவரைக் காணோம். 1993-ஆம் ஆண்டு பளபளக்கும் அட்டையோடு பதினைந்து லட்சத்துக்கு மேல் அச்சான ‘ட்யூராக்’ முதல் இதழ், சில ஆண்டுகளுக்குள் கடை வாசலில் எதை எடுத்தாலும் ஒரே விலை என்னும் பெட்டியில் கிடந்தது. அமெரிக்காவெங்கும் படக்கதைக் கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் கம்பெனியே திவால் மனுக் கொடுத்தது. அதற்குக் கடன் சுமை முதலிய பிற காரணங்களும் உண்டெனினும், சேகரிப்போர் சந்தை சரிந்தது முக்கியமானதொரு காரணம்.

‘எக்ஸ்-மென்’ முதல் இதழின் நல்ல பிரதியை முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட இன்றைய நாளிலும் சில டாலருக்கு வாங்கலாம். அதனை அன்று பெட்டி பெட்டியாக வாங்கி, மகனின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று வைத்திருந்த அமெரிக்கக் குடும்பங்கள் பல. அவர்களுக்குக் கிடைத்தது பழைய காகித மூட்டையே.

விகிதக் கணக்கு

“அது பழங்கதை, இன்று மாற்று அட்டைகளை உண்மையாகவே குறைந்த அளவில்தான் அச்சிடுகின்றனர்” என்று இளைஞர் கூறலாம். அதிலும் ஓரளவு மெய் உண்டு. இன்றைய முறையை விளக்குவோம்.

படக்கதைக் கடைக்காரர் கம்பெனியிடம் வாங்கும் இதழ்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்ப இயலாது. விற்காதவை அவருக்கே நட்டம். ஆகவே அவரை அதிகமாக வாங்கத் தூண்டும் பொருட்டு, சாதாரணப் பிரதி 25 வாங்கினால் மாற்று அட்டைப் பிரதி ஒன்று வாங்கும் உரிமை என்று கம்பெனியார் விகிதம் வகுத்தனர். 50-க்கு ஒன்று, 100-க்கு ஒன்று என்றும், அதற்கு மேலும் விகிதங்கள் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதழின் விலை 4 டாலர். கடைக்காரருக்கு அடக்கம் 2 டாலர் அளவு. அவர் கடையில் வழக்கமாக விற்பது 15 பிரதிகள் என்க. மாற்று அட்டை ஒன்றைப் பெறுவதற்காக அவர் 25 பிரதிகள் வாங்குகிறார். மிஞ்சிய பத்துப் பிரதிகளின் அடக்கம் 20 டாலர். அந்த 20 டாலரையும் மாற்று அட்டைப் பிரதியின் தலையில் ஏற்றி, 20 அல்லது 25 டாலர் என்று விலை எழுதுகிறார். இப்போது நோக்குங்கள்: இவ்விலை அப்படத்தின் அழகாலோ வாசகரின் ஆவலாலோ வந்ததன்று, விற்காத பத்துப் புத்தகங்களின் நட்டத்தால் வந்தது. கடைக்காரரின் நட்டத்தை நம் பிள்ளை தன் தோளில் ஏற்றுக்கொள்கிறான். அதற்கு ‘முதலீடு’ என்று பெயர்.

புத்தகம் வெளியாகும் வாரத்தில் ஆவல் உச்சத்தில் இருக்கும். அடுத்த மாதம் வேறு இதழ், வேறு அட்டை, வேறு ஆவல். ஆதலால் பெரும்பாலான விகிதப் பிரதிகளின் விலை சில வாரங்களில் இறங்கத் தொடங்கி, பின்னர் எழுவதில்லை. அவற்றின் எண்ணிக்கை குறைவு என்பது மெய்யே. ஆனால் அவற்றை வேண்டுவோரின் எண்ணிக்கை அதனினும் குறைவு! ஒரு பொருள் அரிதாயிருப்பது மட்டும் அதற்கு விலை தராது. நம் வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் சுவரில் கிறுக்கிய சித்திரமும் உலகில் ஒன்றே ஒன்றுதான். அதை வாங்க எவரும் வரிசையில் நிற்பதில்லை.

தற்செயல் தந்த அருமை

அப்படியாயின் விலை நிலைத்த மாற்றுப் பிரதிகள் ஒன்றுமே இல்லையா எனில், உண்டு. அவற்றின் வரலாற்றை நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். பெரும்பாலானவை சேகரிப்போருக்கென்று செய்யப்பட்டவை அல்ல, தற்செயலால் அரிதானவை.

1977-இல் மார்வெல் கம்பெனியார் இதழின் விலையை 30 சென்ட்டிலிருந்து 35 சென்ட்டாக உயர்த்த எண்ணினர். வாசகர் என்ன சொல்வரோ என்று அஞ்சி, முதலில் சில நகரங்களில் மட்டும் 35 சென்ட் என்று அச்சிட்டு விற்றுப் பார்த்தனர். அந்தச் சோதனைக் காலத்தில் வெளியான இதழ்களுள் ஒன்று ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழ். சாதாரண 30 சென்ட் பிரதி ஏராளமாக அச்சாயிற்று. 35 சென்ட் பிரதியோ ஏறத்தாழ 1,500 மட்டுமே என்பது சேகரிப்போரிடையே வழங்கும் மதிப்பீடு. அக்காலத்தில் அந்த ஐந்து சென்ட் வேற்றுமையை எவரும் பொருட்படுத்தவில்லை. இன்று அச்சிறு எண் உள்ள நல்ல பிரதி பல ஆயிரம் டாலர் பெறும். பின்னாளில் வந்த மறுபதிப்புகளிலும் 35 சென்ட் என்றே அச்சாகியிருப்பதால், அவற்றை இதுவென்று எண்ணி ஏமாந்தவரும் உண்டு.

1999-இல் டி.சி. கம்பெனியார் வெளியிடவிருந்த ஒரு சிறப்பிதழில், குழந்தைப் பருவத்துச் சூப்பர்மேனையும் அவனைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணையும் பற்றிய நகைச்சுவைக் கதை ஒன்று இருந்தது. குழந்தை மின்னடுப்புக்குள் புகும் காட்சி மேலிடத்தாருக்குப் பிடிக்கவில்லை. அச்சான பிரதிகளை அழிக்க உத்தரவாயிற்று. அதற்குள் ஒரு பகுதி இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. அழிவுக்குத் தப்பிய அப்பிரதிகளைச் சேகரிப்போர் தேடி வாங்கினர்.

திட்டமிட்ட விகிதப் பிரதிகளிலும் விலை நிலைத்தவை சில உண்டு. 2011-இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ 667-ஆம் இதழுக்கு, கப்ரியேல் டெல்லோட்டோ என்னும் இத்தாலிய ஓவியர் தீட்டிய மாற்று அட்டை 100-க்கு ஒன்று என்னும் விகிதத்தில் வந்தது. அவ்விதழை நூறு பிரதி வாங்கத் துணிந்த கடைக்காரர் மிகச் சிலர். ஆகவே அந்த அட்டை எண்ணி எடுக்கத்தக்க அளவிலேயே வெளிவந்தது. பின்னர் அவ்வோவியரின் புகழும் வளர்ந்தது. இன்று அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். இங்கும் நிகழ்ந்தது யாது? கம்பெனியார் அதனை விற்க முயன்று தோற்றனர். அத்தோல்வியே அதற்கு அருமையைத் தந்தது.

மாற்று அட்டையே இல்லாத எளிய புத்தகம் மதிப்புப் பெற்றதும் உண்டு. 1984-இல் கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் என்னும் இரு இளைஞர் கடன் வாங்கிச் சேர்த்த பணத்தில், கறுப்பு வெள்ளையில், நிஞ்ஜா ஆமைகளைப் பற்றிய படக்கதை ஒன்றை ஏறத்தாழ 3,000 பிரதிகள் அச்சிட்டனர். அக்கதை உலகப் புகழ் பெற்றது. அந்த முதல் அச்சு இன்று பெருவிலை பெறுகிறது. அதனை வாங்கியவர் முதலீடென்று வாங்கவில்லை. கதை பிடித்து வாங்கினர்.

இவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்றே. ‘அரிய பொருள்’ என்று பெயர் சூட்டி விற்கப்படும் பொருள் பெரும்பாலும் அரிதாவதில்லை. எவரும் அரிதென்று எண்ணாதது, காலத்தின் கையில் தேய்ந்து அரிதாகிறது.

ஏட்டுச் சுரைக்காய்

விலைப்பட்டியலைக் காட்டி வாதிடுவோரும் உளர். 1970-ஆம் ஆண்டு முதல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பார் தொடங்கிய விலை வழிகாட்டி அமெரிக்காவில் புகழ் பெற்றது. இன்றோ கைபேசியிலேயே விலை காணலாம். ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பட்டியலில் உள்ள விலை வேறு, விற்கும்போது கைக்கு வரும் பணம் வேறு.

2000-ஆம் ஆண்டு முதல் சி.ஜி.சி. என்னும் நிறுவனம் படக்கதைப் புத்தகங்களைச் சோதித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருகிறது. பழைய புத்தகம் வாங்குவோருக்கு இதனால் பெரிய நன்மை: கிழிசலை ஒட்டியிருக்கிறார்களா, வண்ணம் தீட்டியிருக்கிறார்களா என்று கடல் கடந்தும் அறியலாம். 1940-ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று 9 மதிப்பெண் பெறுவது வியப்பு. ஆனால் சென்ற மாதம் அச்சான புத்தகம் 9.8 பெறுவதில் வியப்பென்ன? அச்சகத்திலிருந்து நேரே உறைக்குள் போன பிரதிகள் யாவும் ஏறக்குறைய அவ்வாறே இருக்கும். அவற்றுக்குச் சோதனைக் கட்டணமும் போக்குவரத்துச் செலவும் கொடுப்பது பெரும்பாலும் கைப்பொருளைக் கரைப்பதே.

நம் நாட்டிலிருந்து வாங்குவோருக்கு இன்னும் சில செலவுகள் உண்டு. டாலருக்கு ரூபாய் மாற்று, கப்பல் அல்லது விமானக் கூலி, சுங்கம் ஆகியவற்றை வாங்கும்போது கொடுக்கிறோம். விற்கும்போது மீண்டும் அஞ்சற்கூலி, காப்பீடு, விற்பனைக் களத்தாரின் தரகு. 8,000 ரூபாய்க்கு வாங்கிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அத்தொகையையே வங்கியில் நூற்றுக்கு ஆறு கூட்டு வட்டிக்குப் போட்டால் பத்தாண்டில் 14,300 ரூபாய்க்குச் சற்று மேலாகும். புத்தகத்தை விற்று அதே தொகை கைக்கு வர வேண்டுமாயின், தரகு நூற்றுக்குப் பதின்மூன்று என்று கொண்டாலும், அது 16,400 ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும். அதாவது, விலை இரு மடங்கைத் தாண்டினால்தான் வங்கிக்குச் சமம்! அதுவும் பத்தாண்டுக் காலம் கரையான், ஈரம், வீடு மாற்றம் ஆகிய மூன்றுக்கும் தப்பியிருந்தால்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. சேகரிப்போரின் ஆவல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1940, 1950-களில் அமெரிக்கப் பிள்ளைகளைக் கவர்ந்த ராய் ரோஜர்ஸ் முதலிய குதிரை வீரர்களின் படக்கதைகளை, அப்பிள்ளைகள் பெரியவர்களான பின் ஆவலோடு தேடி வாங்கினர். அத்தலைமுறை மறைய மறைய அவற்றை வேண்டுவோரும் குறைந்தனர். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொள்ளை நோய்க்கு அஞ்சி மக்கள் வீட்டில் அடைபட்டிருந்த காலத்தே படக்கதை விலைகள் விண்ணை முட்டின. 1962-இல் ஸ்பைடர்-மேன் முதன்முதல் தோன்றிய இதழின் சிறந்த பிரதி 2021-இல் 36 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் பின்னர் வந்த இறக்கத்தில் அடிபட்டவை பெரும்பாலும் புதிய புத்தகங்களே. உச்சியில் வாங்கியோர் இன்னும் ஏறும் என்று காத்திருக்கின்றனர்.

நம் வீட்டுப் பரண்

கடல் கடந்த புத்தகங்களைப் பற்றி இவ்வளவு கூறிய பின், நம் வீட்டில் இருப்பவற்றையும் ஒரு முறை நோக்குதல் தகும். 1964 மார்ச் முதல் 1990 வரை டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் வெளியிட்ட ‘இந்திரஜால் காமிக்ஸ்’ நம் நாட்டு மொழிகள் பலவற்றில் வந்தது. முகமூடி வீரரான வேதாளரையும் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் நமக்கு அறிமுகப்படுத்தியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1972-இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது. 1984-இல் ‘லயன் காமிக்ஸ்’, ‘ராணி காமிக்ஸ்’ ஆகியவை தொடர்ந்தன. சில்லறைக் காசுக்கு வாங்கி, ரயிலில் படித்து, அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுத்து மறந்தவை இவை.

பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பும் போதெல்லாம் பையில் ஒன்றிரண்டு வந்து, வெளி மாநிலத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைப் பழக்கியதும் இவையே. மாற்றலாகி வேற்றூர் செல்லும் ஒவ்வொரு முறையும் முதலில் பழைய பேப்பர்காரரிடம் சென்றதும் இவையே. தாழ்ந்த தரக் காகிதம், வெயில், மழை, பூச்சி யாவும் சேர்ந்து, தொடக்க கால இதழ்களை அரிதாக்கிவிட்டன. கதைகள் பல மறுபதிப்பாக வந்த பின்னும் முதற்பதிப்பைத் தேடுவோர் உளர். நல்ல பிரதிக்கு அட்டை விலையைப் போல் பன்மடங்கு தரவும் முன்வருகின்றனர். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ கதையே இங்கும் சிறு அளவில் நிகழ்ந்திருக்கிறது: விலையை எண்ணாமல் வாங்கினர், படித்தனர், இழந்தனர், எஞ்சியது மதிப்புப் பெற்றது.

ஆதலால் வீடு மாற்றும் முன் பழைய பெட்டியை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு எடைக்குப் போடுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடாவை ஒட்ட வேண்டா. நாளடைவில் அது காகிதத்தைப் பழுப்பாக்கும். ‘லாமினேஷன்’ செய்ய வேண்டா. சேகரிப்போர் பார்வையில் அது புத்தகத்தைக் கொன்றதற்கு ஒப்பு. ஓரத்தை வெட்டித் தைத்து ‘பைண்டு’ செய்தாலும் மதிப்புக் குறையும். படிப்பதற்கென்றால் அது வேறு. வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில், உறையிலிட்டு நேராக நிறுத்தி வைத்தல் போதும்.

முடிவாக

அரிய மாற்று அட்டைப் படக்கதைகள் விலை நிலைக்குமா என்றால், மிகச் சில நிலைக்கும். மிகப் பல நிலையா. நிலைப்பவை எவை என்று வாங்கும் நாளில் அறிவது கம்பெனியாருக்கும் கடைக்காரருக்குமே இயலாத காரியம். அறிந்திருந்தால் அவர்களே வைத்துக்கொண்டிருப்பர் அன்றோ?

எனவே பிள்ளை ஒரு மாற்று அட்டையைக் காட்டி வாங்கித் தரும்படி கேட்டால் சினந்து விலக்க வேண்டா. மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் விலை நாளைக்கே பாதியானாலும் இது உனக்கு வேண்டுமா? வெளியான வாரத்திலேயே வாங்காமல் இரண்டு மாதம் பொறுக்க முடியுமா? இதனுள் இருக்கும் கதை என்ன? மூன்றாவது கேள்விக்கு அவன் கண் மலர்ந்து கதையைச் சொல்லத் தொடங்கினால், இயன்றால் வாங்கிக் கொடுங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் அப்பணம் வீணாகாது. கதை தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும் என்பானாயின், அத்தொகையை அவன் பெயரில் வங்கியில் போட்டு, சாதாரண அட்டைப் பிரதியை வாங்கிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதனுள்ளும் அதே கதைதான் இருக்கிறது.